வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா முன் ஜாமீன்? சனிக்கிழமை கைதுகளின் கதை!

போயஸ் கார்டன் முதல் மந்தைவெளி வரை நடந்த ஓட்டப் பந்தயங்கள்

சென்னை,

தமிழ்நாட்டைப் பரபரப்பில் ஆழ்த்திய 3 கைதுகள். 1996-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. 2001-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி. 2024-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி.

காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். மூன்றுமே சனிக்கிழமை!

முதலில் கைதானவர் போயஸ் கார்டன் ஜெயலலிதா. அடுத்தவர் கருணாநிதி, அவர் கைதானது மயிலாப்பூர் ஆலிவர் ரோட்டு வீட்டில். மூன்றாவது ஆள் நடிகை கஸ்தூரி. அவர் வீடும் போயஸ் கார்டனில்தான்.

நாள் பார்த்துத்தான் பிடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கிரிமினல் வக்கீல்களைக் கேட்டால் சிரிப்பார்கள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும் சார், ஆபீஸ் போன் அலற ஆரம்பிச்சுடும்" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு.

காரணம் இதுதான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். அதற்கு லீவு கிடையாது. மாஜிஸ்திரேட்டு வீட்டுக்கே கூட்டிப் போய்க் காவலில் வைக்க உத்தரவு வாங்கி விடலாம். ஆனால் ஜாமீன் மனு விசாரணை பொதுவாக திங்கட்கிழமை கோர்ட்டு திறந்த பிறகுதான். இடையில் 2 ராத்திரி சிறையில் போய் விடும்.

அந்த 2 ராத்திரியைத் தவிர்க்கத்தான் இத்தனை ஓட்டமும். அதற்குப் பெயர் முன் ஜாமீன்.

ஜாமீன் வேறு, முன் ஜாமீன் வேறு

சாதாரண ஜாமீன் என்பது பிடிபட்ட பிறகு கேட்பது. முன் ஜாமீன் என்பது பிடிபடும் முன்பே கேட்பது. "இந்தக் கேசில் இவரைக் கைது செய்தால், உடனே ஜாமீனில் விட்டு விடு" என்று கோர்ட்டு போலீசுக்கு முன்கூட்டியே போடுகிற உத்தரவு அது.

போலீசார் தோளில் கை வைத்து விட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு முன் ஜாமீன் மனு செல்லாது. சாதாரண ஜாமீன்தான் கேட்க வேண்டும். அதனால்தான் இந்த மனுவுக்குச் சட்டத்தைவிடக் கடிகாரம் முக்கியம்.

வெள்ளைக்காரன் காலத்து 1898-ம் ஆண்டு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு கிடையாது. 1969-ல் சட்டக் கமிஷன் தனது 41-வது அறிக்கையில் இதைச் சிபாரிசு செய்தது. செல்வாக்கு உள்ளவர்கள் தங்கள் எதிரிகள் மீது பொய்க் கேசு போட வைத்து, சில நாளாவது ஜெயிலில் அடைத்து மானத்தை வாங்கப் பார்க்கிறார்கள். அரசியல் பகையில் இது அதிகமாகி வருகிறது என்று கமிஷன் காரணம் சொன்னது.

அதன்படி 1974-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி 438-வது பிரிவு அமலுக்கு வந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 482.

நாடு முழுவதும் இது ஒரே மாதிரி இருந்தது என்று நினைக்க வேண்டாம். உத்தரபிரதேசத்தில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், இந்தப் பிரிவையே எடுத்து விட்டார்கள். அங்கே அது திரும்பி வந்தது 2019-ல்தான். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு இந்தக் கதவு மூடியே கிடந்தது.

போயஸ் கார்டன்: மனு போட்டார், கிடைக்கவில்லை

1996-ல் ஆட்சி மாறியது. ஜெயலலிதா மீது ஊழல் வழக்குகள் வரிசையாக வந்தன. அவர் ஐகோர்ட்டில் முன் ஜாமீன் கேட்டார். மனுக்கள் தள்ளுபடி ஆன கையோடு போலீசார் போயஸ் கார்டன் வந்து விட்டார்கள். கலர் டி.வி. வழக்கில் கைது. 28 நாட்கள் அப்போதைய சென்னை மத்திய சிறையில் இருந்தார்.

அந்தக் கலர் டி.வி. வழக்கு என்ன ஆயிற்று? 2000-ம் ஆண்டு மே மாதம் தனிக்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

முன் ஜாமீன் மறுக்கப்பட்டால் குற்றவாளி என்று அர்த்தம் இல்லை. கிடைத்தால் நிரபராதி என்றும் அர்த்தம் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்கிறவர்கள் இன்றும் ஏராளம்.

ஆலிவர் ரோடு: மனு எழுதவே நேரம் இல்லை!

ஐந்து ஆண்டுகள் கழித்துக் காற்று திசை மாறியது. 2001 ஜூன் 29-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. சென்னை மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்று சி.பி.சி.ஐ.டி. போலீசில் வழக்குப் பதிவானது. சில மணி நேரத்தில், நள்ளிரவு தாண்டி, போலீசார் ஆலிவர் ரோட்டில் நுழைந்தார்கள்.

அப்போது கருணாநிதிக்கு 77 வயது. அவரை இழுத்துச் சென்ற காட்சியை டெலிவிஷனில் நாடே பார்த்தது. மத்திய மந்திரிகளாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் கூடக் கைதானார்கள். ஜூலை 4-ந் தேதி கருணாநிதியை விடுவிக்க அரசே உத்தரவிட்டது.

இந்த வழக்கில் முன் ஜாமீன் என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போயிற்று. ராத்திரி கேசு, விடிவதற்குள் கைது. வக்கீல் எழுந்து கோட்டு மாட்டுவதற்குள் காரியம் முடிந்து விட்டது. நான்கு முறை முதல்-மந்திரியாக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சாதாரண ஆள் எம்மாத்திரம்?

'சர்க்கார்' டைரக்டர்: வெள்ளிக்கிழமையே பிழைத்தார்

நேரத்தில் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு.

2018 தீபாவளிக்கு, நவம்பர் 6-ந் தேதி, விஜய் நடித்த 'சர்க்கார்' படம் வந்தது. அரசு கொடுத்த இலவசப் பொருளை நெருப்பில் போடுகிற காட்சியை எதிர்த்து அ.தி.மு.க.வினர் தியேட்டர்கள் முன் போராட்டம் நடத்தினார்கள். 8-ந் தேதி இரவு போலீசார் தன் வீட்டுக் கதவைப் பல முறை தட்டியதாகவும், தான் இல்லாததால் திரும்பிப் போனதாகவும் டைரக்டர் ஏ.ஆர்.முருகதாஸ் டுவிட்டரில் தெரிவித்தார். "கைது செய்யப் போகவில்லை, ரோந்துதான் போனோம்" என்றது போலீஸ் தரப்பு.

மறுநாள் 9-ந் தேதி. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்! முருகதாசின் முன் ஜாமீன் மனு ஐகோர்ட்டில் அவசரமாக எடுத்துக் கொள்ளப்பட்டது. 27-ந் தேதி வரை அவரைக் கைது செய்யக் கூடாது என்று உத்தரவு ஆனது. அந்தச் சனி, ஞாயிறு அவருக்கு வீட்டில்தான் கழிந்தது.

மந்தைவெளி: மறுத்தும் கைது இல்லை

அதே 2018-ல் மயிலாப்பூர் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.வும் நாடக நடிகருமான எஸ்.வி.சேகர் ஒரு வழக்கில் சிக்கினார். பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசும், வேறொருவர் எழுதிய பதிவை ஏப்ரல் மாதம் அவர் பேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்பு கிளம்பவே, பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் மந்தைவெளியில் அவர் வீட்டு முன் பத்திரிகையாளர்கள் திரண்டனர். கல்வீச்சும் நடந்தது. சைபர் கிரைம் போலீசார் வழக்குப் போட்டார்கள்.

மே 10-ந் தேதி ஐகோர்ட்டு நீதிபதி எஸ்.ராமதிலகம் முன் ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்புவது அதை ஏற்றுக் கொள்வதற்குச் சமம் என்று நீதிபதி சொன்னது நாடு முழுவதும் பேசப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டும் ஜூன் 1-ந் தேதி, கீழ்க்கோர்ட்டுக்கே போகும்படி சொல்லி விட்டது.

பிறகும் போலீசார் அவரைக் கைது செய்யவில்லை. "சாதாரண ஆளா இருந்தா விடுவாங்களா?" என்ற கேள்வி எழுந்தது. ஜூன் 20-ந் தேதி அவர் எழும்பூர் கோர்ட்டில் ஆஜரானார். ஜாமீன் கிடைத்தது; வீட்டுக்குப் போனார்.

சட்டம் என்ன சொல்கிறது? முன் ஜாமீனைத் தள்ளுபடி செய்வது, "உடனே பிடி" என்று போலீசுக்குப் போடுகிற உத்தரவு ஆகாது. கைது தேவையா என்பதைப் புலன் விசாரணை செய்யும் அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும். 2002-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லி இருக்கிறது. ஆனால் அந்த முடிவு ஆளுக்கு ஆள் மாறுவதாகத் தோன்றும்போதுதான் ஜனங்களுக்குச் சந்தேகம் வருகிறது.

கைது இல்லை என்பதால் வழக்கு கரைந்து விடவில்லை. 2024 பிப்ரவரி 19-ந் தேதி தனிக்கோர்ட்டு எஸ்.வி.சேகருக்கு 1 மாதம் சிறையும் ரூ.15 ஆயிரம் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரி 2-ந் தேதி ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது.

வீடு பூட்டிக் கிடந்தது, ஐதராபாத்தில் பிடித்தார்கள்

நடிகை கஸ்தூரி விஷயம் வேறு மாதிரி. 2024 நவம்பர் 3-ந் தேதி எழும்பூரில் நடந்த கூட்டத்தில் அவர் தெலுங்கு மக்களைப் பற்றிப் பேசியது வழக்கானது. சம்மன் கொடுக்கப் போலீசார் போயஸ் கார்டன் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது, போனும் 'ஆப்'.

நவம்பர் 14-ந் தேதி, வியாழக்கிழமை, ஐகோர்ட்டு மதுரைக் கிளை நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்தார். சனிக்கிழமை ஐதராபாத்தில் கைது. ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கொண்டு வந்து மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தினார்கள். புழல் சிறை. 20-ந் தேதி எழும்பூர் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. மறுநாள் வெளியே வந்தார்.

முன்னாள் மந்திரி ராஜேந்திர பாலாஜி இதைவிட அதிக நாள் ஓடினார். ஆவினில் வேலை வாங்கித் தருவதாகப் பணமோசடி என்ற வழக்கில் 2021 டிசம்பர் 17-ந் தேதி முன் ஜாமீன் தள்ளுபடி. தனிப்படைகள் வலைவீசித் தேடின. 2022 ஜனவரி 5-ந் தேதி கர்நாடகத்தில் ஹாசனில் சிக்கினார். ஒரே வாரத்தில், ஜனவரி 12-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தது.

ஆனால் ஓடி ஒளிவது யாருக்கும் நல்ல யோசனை அல்ல. தலைமறைவுக் குற்றவாளி என்று கோர்ட்டு அறிவித்து விட்டால், சாதாரணமாக முன் ஜாமீனே கிடையாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

சைதாப்பேட்டை போனால் கிடைக்காது

அடையாறிலும் தி.நகரிலும் கேசு என்றதும் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அங்கே முன் ஜாமீன் கிடைக்காது. மாஜிஸ்திரேட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது. செசன்சு கோர்ட்டு அல்லது ஐகோர்ட்டுதான் கொடுக்க முடியும். சென்னைவாசிக்கு இரண்டும் பாரிமுனையில், ஐகோர்ட்டு வளாகத்திலேயே இருக்கின்றன. பொதுவாக முதலில் செசன்சு கோர்ட்டு. அங்கே தள்ளுபடி ஆனால் ஐகோர்ட்டு.

எல்லாக் கேசுக்கும் இது தேவையும் இல்லை. செக் திரும்பிய வழக்கு ஜாமீனில் விடத்தக்கது. அதற்கு முன் ஜாமீன் கேட்டு அலைய வேண்டாம். மோசடி, நம்பிக்கைத் துரோகம், வரதட்சணைக் கொடுமை போன்ற ஜாமீனில் விட முடியாத கேசுகளுக்குத்தான் இந்த மனு.

எப்.ஐ.ஆர். போட்டு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1980-ல் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையில் 5 நீதிபதிகள் கொடுத்த குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்குத் தீர்ப்பு இன்றைக்கும் வழிகாட்டி. "எனக்குப் பயமா இருக்கு" என்றால் போதாது. இன்ன விஷயத்தில், இன்ன காரணத்தால் கைதாவேன் என்று காட்ட வேண்டும். எதற்குமே பிடிக்கக் கூடாது என்று ஒட்டுமொத்தமாக உத்தரவு போட முடியாது.

மனு வந்ததும் போலீஸ் தரப்பு வக்கீலுக்கு நோட்டீசு போகும். குற்றம் எவ்வளவு பெரிது? பழைய கேசு உண்டா? ஆள் ஓடி விடுவாரா? சாட்சியை மிரட்டுவாரா? அவமானப்படுத்தவே போட்ட கேசா? இவற்றைக் கோர்ட்டு எடை போடும்.

இதில்தான் ஆபத்து. போலீசார் பதில் சொல்ல அவகாசம் கேட்பார்கள். வாய்தா விழும். "மனு கோர்ட்டில் இருக்கிறது" என்பது கைதுக்குத் தடை ஆகாது. இடைக்காலத் தடை உத்தரவு தனியாக வாங்கி இருக்க வேண்டும். முருகதாசுக்குக் கிடைத்தது அதுதான்.

புகார் கொடுத்தவர் எங்கே போவார்?

மறுபக்கமும் ஒன்று உண்டு. அடி வாங்கிய மனைவி, சீட்டுப் பணத்தை இழந்த ரிட்டையர்டு ஆசாமி, அவமானப்பட்ட பெண். இவர்களுக்கு எதிராளி முன் ஜாமீன் வாங்கி விட்டான் என்ற செய்தி இடி மாதிரி இறங்கும். "அவன் ஜெயிச்சுட்டான், இனிமே என்னை என்ன பண்ணுவானோ" என்று ஒடுங்கிப் போகிறவர்கள் உண்டு.

அவர்களுக்கும் கோர்ட்டில் வாய் உண்டு. இடையீட்டு மனு போட்டு, முன் ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று வாதாடலாம். கொடுத்த பிறகு மிரட்டினால், ரத்து செய்யும்படி கேட்கலாம்.

சில கேசுகளில் சட்டமே கதவைச் சாத்தி இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன் ஜாமீன் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தாலே குற்றத்துக்கு முகாந்திரம் இல்லை என்றால் மட்டும் கோர்ட்டு தலையிடலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 16 வயதுக்கு உட்பட்ட சிறுமி கற்பழிப்பு வழக்கிலும், 18 வயதுக்கு உட்பட்டவர் கூட்டுப் பலாத்கார வழக்கிலும் கிடையவே கிடையாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்து விட வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் ஐகோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. வழக்கைச் சந்திப்பவருக்கும் உதவி உண்டு. புகார் கொடுத்தவருக்கும் உண்டு.

7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, தேவை இருந்தால்தான் கைது, இல்லாவிட்டால் நோட்டீசு கொடுத்து விசாரி என்று 2014-ல் அர்னேஷ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. போலீஸ் நோட்டீசு வந்தால் பயந்து ஊரை விட்டு ஓடாமல் விசாரணைக்குப் போவதே பாதிப் பாதுகாப்பு.

ஆர்டர் வாங்கியாச்சா? தூங்கி விடாதீர்கள்!

உத்தரவு கையில் வந்ததும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்து விட்டு மறந்து விடுகிறவர்கள்தான் மறுபடி மாட்டுகிறார்கள்.

முன் ஜாமீன் உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும். வழக்கமாக 15 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் ஆஜராகி, சொந்த ஜாமீனும் இரண்டு பேர் ஜாமீனும் கொடுக்க வேண்டும். இதற்குத்தான் அடையாறு, தி.நகர் ஆசாமி சைதாப்பேட்டை பக்கம் போக வேண்டி வரும். அப்புறம் தினமும் காலை 10.30 மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்து. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது. கூப்பிட்டால் விசாரணைக்குப் போக வேண்டும்.

கையெழுத்து நிபந்தனை கஷ்டமாக இருந்தால், தளர்த்தும்படி மனு போடலாம். போகாமல் இருந்து விடக் கூடாது. நிபந்தனையை மீறினால் போலீசார் ரத்து மனுவோடு கோர்ட்டுக்குப் போவார்கள்.

ஒழுங்காக நடந்தால் கவலை இல்லை. முன் ஜாமீனுக்குப் பொதுவாகக் காலக்கெடு கிடையாது, வழக்கு முடிகிற வரை நீடிக்கலாம் என்று 2020 ஜனவரி 29-ந் தேதி சுசீலா அகர்வால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் அந்த 15 நாள் கெடு மட்டும் தப்பக் கூடாது. ஜாமீன்தாரரைப் பிடிப்பதற்குள், ரேஷன் கார்டும் ஆதாரும் தேடுவதற்குள் நாள் ஓடி விடும். 16-வது நாள் கையில் இருப்பது வெறும் காகிதம்தான். அந்த 16-வது நாள் வெள்ளிக்கிழமையாக இருந்து விட்டால், கேட்கவே வேண்டாம்!